மேளம் காதைப் பிளக்கிறது, ஆலாபனை கேட்கவே இல்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஓடும் ஒரு வாடகை வேனின் பென் டிரைவைத் திறந்து பார்த்தால் கேரளக் கோயில்களின் செண்டை மேளமான பஞ்சாரி மேளம் இருக்கும், வில்லுப்பாட்டு இருக்கும், எழுபதுகளின் மலையாளப் பாட்டு, போன மாதம் வந்த தமிழ்ப் பாட்டு, மாதா கோயில் கீதம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு கணக்கில் பதிவானவை. ஓட்டுநரின் இடது கை கியருக்கும் வால்யூம் குமிழுக்கும் மாறி மாறிப் போவதற்கு அதுதான் காரணம். திருவிழாப் பந்தலில் மைக்செட் போடுகிறவருக்கும், வீட்டில் ஹெட்போனில் கச்சேரி கேட்கிறவருக்கும் இதே தொல்லை வேறு வடிவத்தில் வரும்.

மருந்து தேடும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறுவது ஒரு நோய். ஒரே பாட்டுக்குள் மெல்லிய இடமும் முழங்கும் இடமும் எட்டாத தூரத்தில் இருப்பது வேறு நோய். முதலாவதற்கு, பாட்டு ஒன்றுக்கு ஒரே அளவில் கூட்டிக் குறைத்தால் போதும். பாட்டின் உள்ளே எதுவும் மாறாது. இரண்டாவதற்குத்தான், உரத்த இடங்களைத் தானே அமுக்கும் கம்ப்ரெசர். முதல் நோய்க்கு இரண்டாவது மருந்தைக் கொடுப்பதுதான் ஊர் முழுக்க நடக்கிறது. சத்தம் சமமாகிவிடும், பாட்டில் உயிர் இருக்காது.

பழுது எந்த இடத்தில் என்று தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள். தொல்லை தரும் அதே இடத்தை அதே கோப்பிலிருந்து ஒரு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அங்கேயும் இருந்தால் கோப்பிலோ பிளேயர் செயலியிலோ பழுது. ஹெட்போனில் இல்லாவிட்டால் வயரிலோ ஆம்பிலோ ஸ்பீக்கரிலோ. கோப்பா செயலியா என்று பிரிக்க, அதே கோப்பை வேறொரு செயலியில் ஓட்டுங்கள்.

ஒரு பாட்டு முழங்குகிறது, அடுத்தது முனகுகிறது

தொண்ணூறுகளுக்குப் பிறகு பாட்டுகளை முடிந்தவரை சத்தமாகப் பதிவது வழக்கமாகிவிட்டது. பாட்டு முழுக்கச் சராசரியாக எவ்வளவு சத்தம் என்பதை இன்று லஃப்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். புதிய சினிமாப் பாட்டு ஒன்று -8 அல்லது -9 லஃப்ஸில் நிற்கும். பழைய பதிவு -18, -20 என்று கீழே கிடக்கும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தம், ஆம்புக்குப் பத்து மடங்கு பவர். குமிழைச் சும்மா கொஞ்சம் திருகுவதாக நாம் நினைக்கிறோம், ஆம்ப் அப்படி நினைப்பதில்லை.

கணினியில் கேட்பவர்களுக்கு ரீப்ளேகெயின் போதும். 2001-இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த முறை இது. ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு கூட வேண்டும், எவ்வளவு குறைய வேண்டும் என்ற எண் கோப்பின் குறிப்புப் பகுதியில் எழுதப்படும். ஒலியில் கை வைப்பதில்லை. ஃபூபார்2000 என்ற பிளேயரில் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் ரீப்ளேகெயின் பட்டியலுக்குப் போய் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அமைப்புகளில் பிளேபேக் பக்கத்தில் இரண்டு வேலை. ஒன்று, கெயினை, அதாவது அந்தக் கூட்டல் குறைத்தலைப் போடுவதோடு, உச்சம் எல்லை தாண்டி வெட்டுப்படாமல் (கிளிப்பிங்) தடுக்கும் தேர்வை எடுப்பது. இரண்டு, ஸ்கேன் செய்யாத கோப்புகளுக்கான ப்ரீஆம்பை, அதாவது முன்கூட்டியே வைக்கும் சத்த அளவை, -6 டெசிபலில் வைப்பது. இந்த இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். அப்புறம் நேற்று இறக்கிய பாட்டு ஒன்று நடுவில் வந்து எல்லோரையும் தூக்கிப் போடும்.

வேனிலும் காரிலும் இது பலிக்காது. பெரும்பாலான கார் ஸ்டீரியோக்களும் பார்ட்டி ஸ்பீக்கர்களும் அந்தக் குறிப்பைப் படிப்பதே இல்லை. பென் டிரைவுக்கு எம்பி3கெயின் என்ற கணினிச் செயலிதான் வழி. அது எம்பி3 கோப்பின் ஒவ்வொரு சட்டகத்திலும் உள்ள அளவு எண்ணையே மாற்றுகிறது. மறுபடி என்கோட் செய்வதில்லை என்பதால் தரம் குறையாது, வேண்டாம் என்றால் பழைய நிலைக்குத் திருப்பலாம். மாற்றம் 1.5 டெசிபல் படிகளில்தான் நடக்கும். இயல்பு இலக்கு 89 டெசிபல். டீசல் இன்ஜின் சத்தத்தில் இது குறைவாகத் தோன்றினால் 91, 92 வரை போகலாம். அதற்கு மேல் செயலியின் கிளிப்பிங் என்ற நெடுவரிசையில் எச்சரிக்கை நிறைந்துவிடும். 89-லேயே விட்டு ஸ்டீரியோவின் குமிழைக் கூட்டுவதுதான் நல்லது, குமிழ் அதற்காகத்தான் இருக்கிறது. கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். எம்4ஏ கோப்பானால் ஏஏசிகெயின். வேவ், ஃபிளாக் கோப்புகளில் இந்த வித்தை நடக்காது. பென் டிரைவுக்கென்று எம்பி3-ஆக மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

ஓபஸ் கோப்பு மட்டும் மற்றவற்றைவிட மெதுவாகக் கேட்டால், ஸ்கேன் தவறிப்போனதாக நினைக்க வேண்டாம். ஓபஸின் குறிப்பு -23 லஃப்ஸைத் தரமாகக் கொண்டது. இன்றைய ரீப்ளேகெயின் கருவிகள் -18-ஐ. இந்த 5 டெசிபலைச் சரிக்கட்டத் தெரியாத பிளேயரில் ஓபஸ் பாட்டு அந்த அளவுக்குத் தாழ்ந்தே கேட்கும்.

இணையத்தில் கேட்பவர்கள் ஸ்பாட்டிஃபையின் பிளேபேக் அமைப்பில் ஆடியோ நார்மலைசேஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். நார்மல் என்பது -14 லஃப்ஸ், குவயட் -19, லவுட் -11. லவுட் நிலையில் உச்சங்களை லிமிட்டர் அமுக்கும், அதனால் மேளம் கேட்கும்போது அது வேண்டாம். ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக், அதன் இலக்கு -16. யூடியூபின் போக்கு வேறு: சத்தமானதைக் குறைக்கும், மெதுவானதைக் கூட்டாது. யாரோ தாழ்வாக ஏற்றிவைத்த கோயில் கச்சேரி அப்படியே தாழ்வாகத்தான் வரும். அது எவ்வளவு தாழ்வு என்பதை ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திரையில் கன்டென்ட் லவுட்னஸ் என்ற எண் காட்டிவிடும். -9 டெசிபல் என்றிருந்தால் 9 டெசிபலை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் வருகின்றன

கச்சேரிப் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். வாய்ப்பாட்டு ஆலாபனை மிருதங்கத்தின் உயரத்துக்கு ஏறிவிட்டது. ஆல்பமாக ஸ்கேன் செய்து, எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவைப் போடும் ஆல்பம் கெயினுக்கு மாற்றுங்கள். எம்பி3கெயினிலும் ஆல்பம் முறை உண்டு. கலவைப் பட்டியலுக்கு டிராக் கெயின், முழுக் கச்சேரிக்கு ஆல்பம் கெயின் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

மேளத்தின் தொடக்கம் கேட்கவில்லை, முடிவில் யாரோ ஓடிவந்து குறைக்கிறார்கள்

பஞ்சாரி மேளம் இதற்கென்றே அமைந்தது போன்றது. 96 அட்சரத்தில் விளம்பமாகத் தொடங்கி 48, 24, 12, 6 என்று காலம் காலமாகச் சுருங்கி ஏறும். குழலும் செண்டையும் நிதானமாக நிற்கும் இடத்துக்கும், இலைத்தாளமும் கொம்பும் சேர்ந்து கொட்டி முழக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் மேளமே. அமைதியான அறையில், நல்ல ஸ்பீக்கரில் கேட்பவர் எதையும் தொட வேண்டாம். முடிவில் தாங்கக்கூடிய சத்தத்தை வைத்துக் குமிழை நிறுத்திவிட்டுத் தொடக்கத்துக்குப் போனால், தொடக்கம் தானாகவே சரியாக இருக்கும். தொடக்கத்தை வைத்துக் குமிழை நிறுத்துவதால்தான் இடி விழுகிறது.

ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தகர ஷெட்டில் கொட்டும்போது, அல்லது வேன் ஓடும்போது, மெல்லிய இடங்கள் அந்த இரைச்சலுக்கு அடியில் மூழ்கிவிடும். அங்கே இடைவெளியைச் சுருக்கத்தான் வேண்டும். இரவு சத்தத்தைத் தாழ்த்தி வைக்கும் இடத்திலும் இதே நிலை.

ரீப்ளேகெயின் இங்கே கைகொடுக்காது. பதிவின் உச்சம் ஏற்கெனவே 0 டெசிபலைத் தொட்டு நிற்பதால், வெட்டுப்படாமல் தடுக்கும் ஏற்பாடு மொத்தத்தையும் கூட்ட விடாது. மேளப் பதிவு மற்றப் பாட்டுகளைவிட எப்போதும் தாழ்வாகவே வருகிறது என்ற புகாரும் இதனால்தான். அதற்கு மேளத்தைக் கூட்டப் பார்க்காமல் மற்றவற்றை இறக்குங்கள். பட்டியல் முழுக்க -20 லஃப்ஸுக்கு வைத்துவிட்டு ஆம்பில் கூட்டினால் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்.

உள்ளே சுருக்க மிகச் சிறந்த வழி கம்ப்ரெசர் அல்ல, நேரத்துக்கேற்பச் சத்தத்தைக் கையால் ஏற்றி இறக்கும் என்வலப். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தச் செயலியில் கோப்பைத் திறந்து என்வலப் கருவியை எடுங்கள். மேளம் ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, உச்சக் காலம் தொடங்கும் இடத்தில் இன்னொரு புள்ளி. முதல் புள்ளியைத் தொடாமல், இரண்டாவது புள்ளியை அலையின் உயரம் பாதியாகும் வரை கீழே இழுங்கள். அது 6 டெசிபல் குறைவு. பிறகு நார்மலைஸ் எடுத்து உச்சத்தை -1 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். முடிவின் உச்சம் 6 டெசிபல் இறங்கியதால் மொத்தமும் ஏறக்குறைய அவ்வளவு ஏற இடம் கிடைத்துவிட்டது. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருந்தால் இறக்கம் யார் காதிலும் படாது. ஒவ்வொரு கோலும் தோலில் விழும் விதம் அப்படியே இருக்கும். ஒரே நிமிடத்துக்குள் 6 டெசிபல் இறக்கினால் மட்டும் யாரோ ஆம்பைத் தொட்டது போலத் தெரியும்.

நேரமில்லை, நூறு பாட்டு இருக்கிறது என்றால் கம்ப்ரெசர். தொடங்கக் கூடிய அளவுகள்: விகிதம் (எவ்வளவு சுருக்குவது) 2:1, திரெஷோல்ட் (எந்த அளவைத் தாண்டினால் அமுக்குவது) -24 டெசிபல், அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) 400 மில்லிசெகண்ட். கம்ப்ரெசர் அமுக்கும் அளவு உச்சத்தில் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரெஷோல்டை மேலே ஏற்றுங்கள். அட்டாக்கை 2, 3 மில்லிசெகண்டுக்குக் குறைத்தால் செண்டையின் கோல் விழும் முனை மழுங்கி, அட்டைப் பெட்டியைத் தட்டுவது போலாகிவிடும். வில்லுப்பாட்டில் வில்லின் மணிச் சதங்கையும் குடமும் இதே கதிக்கு ஆளாகும். ரிலீஸை 50-க்குக் கொண்டுபோனால் இரண்டு அடிகளுக்கு நடுவே பின்னணி இரைச்சல் குபுக் குபுக்கென்று மேலே எழும்பும். ஆடாசிட்டி 3.6 முதல் கம்ப்ரெசரை ஓட்டிக்கொண்டே மாற்றிப் பார்க்கலாம் என்பதால் பழகுவது எளிது.

உச்சத்தைத் தொடாமல் அடியை மட்டும் தூக்க வேண்டுமா? டிராக்கை நகலெடுங்கள். நகலில் மட்டும் 10:1 விகிதம், -45 திரெஷோல்ட் என்று கடுமையாக அமுக்குங்கள். அமுக்கிய நகல் மெல்லிய இடத்தில் மூலத்துக்குச் சமமாகவும், உரத்த இடத்தில் மூலத்தைவிட மிகத் தாழ்வாகவும் இருக்கும்படி அதன் அளவை வைத்து, இரண்டையும் கலந்துவிடுங்கள். இரண்டு டிராக்கும் ஒரு மில்லிசெகண்ட் கூடப் பிசகக் கூடாது. பிசகினால் குழாய்க்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவழிக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், சத்தத்தைச் சமமாக்கும் அதன் லவுட்நார்ம் வடிகட்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாறும் (டைனமிக்) முறையில் அது ஒலியை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடும். வெளியீட்டு சாம்பிள் ரேட்டை 44,100 அல்லது 48,000 என்று நீங்களே சொல்லாவிட்டால் கோப்பு வீங்கிவிடும், கார் ஸ்டீரியோ படிக்காமலும் போகலாம்.

உரத்த இடங்களில் மட்டும் கரகரக்கிறது

பிளேயரின் வால்யூமைப் பாதியாக்கி, ஆம்பில் அதே சத்தத்துக்கு ஏற்றுங்கள். கரகரப்பு போய்விட்டால் பிளேயருக்கும் ஆம்பின் நுழைவுக்கும் நடுவே சிக்னல் நிரம்பி வழிகிறது. போகவில்லை, ஆனால் மொத்தச் சத்தத்தைக் குறைத்தால் போகிறது என்றால் ஆம்ப் அல்லது ஸ்பீக்கர். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் அதே இடத்தில் கரகரக்கிறதா? கோப்பு.

கோப்பில் இருப்பதை ஆடாசிட்டி காட்டிவிடும். கிளிப்பிங்கைக் காட்டும் தேர்வைப் போட்டால் வெட்டுப்பட்ட இடங்களில் சிவப்புக் கோடுகள் நிற்கும். பெரிதாக்கினால் அலையின் தலை அரிவாளால் சீவிய இளநீர் போலத் தட்டையாக இருக்கும். செண்டைக்காரர்களுக்கு நாலடி தள்ளி நின்று போனில் பதிந்தவை பெரும்பாலும் இப்படித்தான். ஆடாசிட்டியின் கிளிப் ஃபிக்ஸ் சிறிய வெட்டுகளை ஒட்டும், பெரியவற்றை ஒட்டாது. அடுத்த முறை தள்ளி நிற்பதும், பதிவு அளவைக் கையால் வைக்கும் செயலியில் உச்சம் -12 டெசிபலில் நிற்கும்படி பதிவதும்தான் தீர்வு. 24 பிட் பதிவில் அப்படித் தாழ்த்துவதால் இழப்பு எதுவும் இல்லை.

கோப்பு சுத்தம் என்றால் விஎல்சி பிளேயரின் வால்யூம் 100 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் எண்களைப் பெருக்குவது. உச்சத்தில் இருக்கும் பாட்டு உடனே வெட்டுப்படும். ஈக்குவலைசரும் அப்படித்தான். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்பை 6 டெசிபல் இறக்க வேண்டும்.

பந்தலில் அடிக்கடி நடப்பது, போனைக் கொண்டுபோய் மைக் நுழைவில் செருகுவது. மைக் தருவது சில மில்லிவோல்ட். வீட்டுக் கருவிகளின் லைன் அளவே 0.316 வோல்ட், போன் அதற்கு மேலும் தரும். மெல்லிய இடம் நன்றாக இருக்கும், தவில் விழுந்தவுடன் நொறுங்கும். ஆம்பின் பின்பக்கத்தில் ஆக்ஸ் அல்லது லைன் என்று போட்ட இடத்தில் செருகுங்கள்.

அதுவும் சரி என்றால் பவர். சத்தம் 3 டெசிபல் ஏற ஆம்ப் இரட்டிப்பு பவர் தர வேண்டும். தெருக்கோடியில் கொக்கி போட்டு இழுத்த நீள வயரிலும், சோர்ந்த 12 வோல்ட் பேட்டரியிலும் அது கிடைக்காது. முழங்கும் இடத்தில் பந்தல் விளக்கு சேர்ந்து மங்கினால் வேறு சோதனை தேவையில்லை. 100 வோல்ட் லைனில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள், ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுத்த வாட் அளவை (டேப்) கூட்டிப் பாருங்கள். 100 வாட் ஆம்பில் 80 வாட்டுக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

வாத்தியம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் காணவில்லை

கோப்பைக் குறை சொல்லி ஊர் முழுக்க வேறு பதிவு தேடுவார்கள். பழுது வயரில். போனின் ஸ்டீரியோ ஜாக்கை மிக்சரின் பேலன்ஸ்டு நுழைவில் நேராகச் செருகினால், மிக்சர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் அது அழிந்து, ஓரங்களில் இருக்கும் வயலினும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். ஜாக்கின் எர்த் வயர் உள்ளே அறுந்திருந்தாலும், போன் கவர் தடுத்து ஜாக் முழுதாக இறங்காவிட்டாலும் இதே விளைவுதான். முதலில் கவரைக் கழற்றி அழுத்திப் பாருங்கள். 3.5 மி.மீ. ஸ்டீரியோவிலிருந்து இரண்டு கால் அங்குல மோனோ ஜாக்காகப் பிரியும் வயரை இரண்டு சேனலில் போடுவதுதான் முறை. ஒரே நுழைவுதான் இருக்கிறது என்றால் இடது, வலது ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து அதன் பிறகு இணையுங்கள். இரண்டையும் வெறுமனே முறுக்கிச் சேர்த்தால் போனின் வெளியீடு ஒன்றோடொன்று மோதும்.

சத்தம் தானாக ஏறி இறங்குகிறது

விண்டோஸில் ஏதாவது அழைப்புச் செயலி விழித்தவுடன் பாட்டு அமுங்கினால், சவுண்ட் அமைப்பில் கம்யூனிகேஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறை என்பது அங்கே இயல்பாகவே போடப்பட்டிருக்கும். எதுவும் செய்யாதே என்று மாற்றுங்கள். மெல்லிய இடம் மெதுவாக வீங்கி, அடி விழுந்ததும் சுருங்கினால் அது லவுட்னஸ் ஈக்குவலைசேஷன். போனிலானால் டால்பி, யூடியூபிலானால் ஸ்டேபிள் வால்யூம். பேச்சுக்கு இவை நல்லவை, மேளத்துக்கு ஆகாது. காரில் வேகம் கூடும்போது சத்தமும் கூடினால் அது பழுதல்ல, வேகத்துக்கேற்ற வால்யூம் என்ற வசதி. ஸ்டீரியோவின் ஒலி அமைப்பில் அணைக்கலாம். பார்ட்டி ஸ்பீக்கர் உச்சத்தில் பேஸைத் தானே குறைப்பது அதன் உள் லிமிட்டரின் வேலை. சார்ஜ் தீரும்போது இன்னும் கடுமையாகக் குறைக்கும்.

புளூடூத்தில் ஒரு படி வைத்தால் கேட்கவில்லை, அடுத்த படியில் அலறுகிறது

பல ஆண்ட்ராய்டு போன்களில் மீடியா வால்யூமுக்கு 15 படிதான். டெவலப்பர் அமைப்புகளில் அப்சலூட் வால்யூமை முடக்கி, புளூடூத்தைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். இனி போனும் ஸ்பீக்கரும் தனித்தனிக் குமிழாகிவிடும். ஸ்பீக்கரைத் தாழ்த்தி, போனை மேல் படிகளில் வைத்தால் படிக்குப் படி தூக்கிப்போடாது. மாற்றியதும் முதல் தடவை ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் திறக்கலாம், காதில் மாட்டிக்கொண்டு சோதிக்க வேண்டாம்.

மெல்லிய இடங்களில் உஸ்ஸென்றோ ஊம்மென்றோ கேட்கிறது

உஸ்ஸென்பது பெரும்பாலும் போனைத் தாழ்வாகவும் ஆம்பை முழுதாகவும் வைப்பதால் வருவது. போனை 85, 90 சதவீதத்தில் நிறுத்தி ஆம்பை இறக்குங்கள். பாட்டை நிறுத்தினாலும் உஸ் தொடர்ந்தால் ஆம்ப். பாட்டோடு நின்றால் பழைய டேப்பிலிருந்து வந்தது. அந்த டேப் இரைச்சலை நாய்ஸ் ரிடக்‌ஷனில் 6 டெசிபல், மிஞ்சினால் 9 டெசிபல் வரை குறைக்கலாம். 20 என்று வைத்தால் தம்புராவும் கூடவே போய்விடும்.

ஊம்மென்பது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறதா பாருங்கள். நின்றால், லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே பிளக் பலகையில் செருகிப் பாருங்கள். அப்போதும் இருந்தால் சிக்னல் வயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். ஊம் அடங்கட்டும் என்று ஆம்பின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். மழை நனைந்த பந்தல் தரையில் நின்று மைக்கைப் பிடிக்கிறவர் கையில் அது ஷாக்காகப் போய் முடியும்.